பிஜி இகுவானாவின் 8,000 கிலோமீட்டர்: ஒரு தெப்பப் பயண வாதத்தைப் பிரித்துப் பார்த்தல்

பிஜித் தீவுகளின் ஊர்வனவற்றையும் தவளைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நெருங்கிய சொந்தம் எங்கே இருக்கிறது என்று எதிரில் குறித்துக்கொண்டே போனால், கை மேற்குப் பக்கமே போய்க்கொண்டிருக்கும். அரணைகள், பல்லிகள், மண்ணுக்குள் ஒளிந்து வாழும் ஓக்மோடான் என்ற சிறு நச்சுப்பாம்பு, இரண்டு தவளை இனங்கள் எல்லாவற்றுக்கும் உறவு சாலமன் தீவுகளிலும் நியூ கினியிலும் கிடைக்கிறது. இலை தின்னும் பெரிய பல்லிகளான இகுவானாக்களில் பிராக்கிலோஃபஸ் என்ற பேரினம் மட்டும் நேர் எதிரே கிழக்கைக் காட்டுகிறது. இகுவானாக் குடும்பத்தில் 9 பேரினங்கள், ஏறத்தாழ 45 இனங்கள். பிஜி, தோங்கா தவிர மற்ற அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை ஒட்டிய கரீபியன், கலாபகசு தீவுகளிலும் வாழ்பவை. நடுவே 8,000 கிலோமீட்டர் பசிபிக்.

பேரினத்தில் இன்று பெயரிடப்பட்டவை நான்கு இனங்கள்: 1800இலேயே விவரிக்கப்பட்ட பட்டை இகுவானா, 1981இல் ஜான் கிப்பன்ஸ் விவரித்த கொண்டை இகுவானா, 2008இல் பிரித்தறியப்பட்ட புலபுலா, 2017இல் சேர்ந்த காவ் தீவு இனம். அழிந்தவை இரண்டு: தோங்காவின் பிராக்கிலோஃபஸ் கிப்பன்சை, பிஜியின் மிகப் பெரிய தீவான விட்டி லெவுவின் குகை எலும்புகளிலிருந்து 2003இல் விவரிக்கப்பட்ட லாபிடிகுவானா என்ற பெரும் இகுவானா. இந்த எலும்புகள் ஒரு கேள்வியைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுகின்றன. இத்தீவுகளில் முதலில் குடியேறிய லாபிட்டா மக்கள் இங்கே கால்வைத்து ஏறத்தாழ 3,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. தனிப் பேரினமாகவே பிரிந்து நிற்கும் ஒரு பெரிய இகுவானா அவர்கள் படகில் வந்திருக்க முடியாது. தோங்காவில் மனிதர் வந்த வேகத்திலேயே பெரிய இகுவானா மறைந்தது. அவர்கள் கொண்டுவந்தவர்கள் அல்ல, தின்று தீர்த்தவர்கள்.

மனிதர் கை இல்லை என்றால் மிஞ்சுவது இரண்டு வழிகள். ஒன்று, நிலம் சேர்ந்திருந்த காலத்தில் நடந்து வந்து, பிறகு நிலம் பிரிந்ததால் தனித்துப்போனது. மற்றது, பெயர்ந்த மரங்கள் பின்னிய மிதவையில், அதாவது ஒரு தெப்பத்தில், கடலைக் கடந்தது.

தரைவழி வாதம் எதைக் கேட்கிறது

நூனனும் சைட்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வு தரைவழிக்கு இடம் கொடுத்தது. அமெரிக்க உறவுகளிலிருந்து பிராக்கிலோஃபஸ் பிரிந்த காலம் மிகப் பழையது, அப்போது தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் தொடர்பில் இருந்தன, ஆகவே 8,000 கிலோமீட்டர் தெப்பப் பயணத்தை நம்பத் தேவையில்லை என்பது அதன் போக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் நிற்க நான்கு கால்கள் வேண்டும். பிரிந்த காலம் அண்டார்டிகப் பாதை மூடுவதற்கு முந்தியதாக இருக்க வேண்டும். மிக நெருங்கிய உறவு தென் அமெரிக்காவில் இருந்தால் நல்லது. வழியில், அதாவது ஆஸ்திரேலியாவிலோ அண்டார்டிகாவிலோ நியூசிலாந்திலோ, ஒரு இகுவானாப் புதைபடிவமாவது கிடைக்க வேண்டும். கடைசியாக, ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து பிஜிவரை நிலமோ, நெருக்கமான தீவுச் சங்கிலியோ இருந்திருக்க வேண்டும்.

நான்காவது காலை எளிதில் ஒடிக்க முடியாது. கடலடியில் மூழ்கிய எரிமலை வளைவுகள் அந்தப் பகுதியில் நிறையவே உண்டு, எதையும் நிலமாக இருந்தது என்று சொல்லிவிடலாம். சோதிக்கக்கூடியவை முதல் மூன்றுதான்.

யாருக்கு யார் சொந்தம்

பழைய ஆய்வுகள் பிராக்கிலோஃபஸை இகுவானாக்களின் உறவு மரத்தின் வெவ்வேறு இடங்களில் வைத்தன. சிலவற்றில் அது மற்ற எல்லா இகுவானாக்களுக்கும் வெளியே நின்றது, சிலவற்றில் டிப்சோசாரஸ் என்ற பாலை இகுவானாவோடு சேர்ந்தது. காரணம் அலட்சியம் அல்ல. இகுவானாக் குடும்பத்தின் தொடக்கக் கிளைகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்தவை. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு மரபணுவும் தன் சொந்த வரலாற்றைச் சொல்லும். மூதாதை இனத்தில் இருந்த மரபணு வகைகள் கிளைகளுக்குள் அரைகுறையாகப் பங்கு பிரிவதால், ஒரு மரபணுவின் மரமும் இனங்களின் மரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. முழுவதும் ஒரே துண்டாகக் கடத்தப்படுவது. அதில் எத்தனை ஆயிரம் எழுத்துகள் படித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு சாட்சி. அதோடு அது வேகமாக மாறுவது. சில கோடி ஆண்டுகளில் ஒரே இடம் திரும்பத் திரும்ப மாறி, பழைய தடயம் அழிந்துவிடும்.

2025 மார்ச்சில் சைமன் ஸ்கார்பெட்டா, ஜிம்மி மெக்குவயர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் முன்னேறியது. அருங்காட்சியகங்களில் இருந்த 200க்கு மேற்பட்ட மாதிரிகளின் திசுக்களிலிருந்து 4,000க்கு மேற்பட்ட மரபணுப் பகுதிகள் படிக்கப்பட்டன. இவ்வகை வேலையில் பெரும்பாலும் பயன்படுபவை முதுகெலும்பிகள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் துண்டுகள். அந்த நடுத்துண்டைப் பிடித்து இழுக்க ஆய்வுக்கூடத்தில் குறுகிய டி.என்.ஏ. தூண்டில்கள் உண்டு. தூண்டில் பிடிப்பது மாறாத நடுவை. வேண்டிய தகவல் இருப்பது அதன் இரு ஓரங்களில். பழைய, சிதைந்த திசுவில் துண்டுகள் குட்டையாகிவிடுவதால் ஓரங்கள் கிடைக்காமல் போகும், தகவலற்ற நடு மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட மாதிரி மரத்தில் அடியை நோக்கி வழுக்கிப்போவது வழக்கமான கோளாறு. அதனால் எல்லாத் துண்டுகளையும் ஒட்டி ஒரே மரம் போடுவதோடு நிறுத்தாமல், துண்டுதோறும் தனி மரம் போட்டு அவற்றிலிருந்து இன மரத்தைக் கட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத கணுவில், அதாவது கிளை பிரியும் இடத்தில், எந்த முடிவையும் ஏற்றக் கூடாது.

கிடைத்த விடை: பிராக்கிலோஃபஸின் உடன்பிறந்த கிளை டிப்சோசாரஸ். அமெரிக்கத் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் கொதிக்கும் மணலில் வாழும் பாலை இகுவானா அது. தென் அமெரிக்கா இல்லை, வட அமெரிக்கா. தரைவழி வாதத்தின் ஒரு கால் இங்கே போயிற்று.

இந்த இடத்தில் பலர் ஒரு படி தாவிவிடுகிறார்கள்: பாலைவனப் பல்லி என்பதால்தான் அது பசி தாகத்தைத் தாங்கிப் பயணம் செய்தது என்று. இன்று உயிரோடு இருக்கும் உறவின் முகவரி, மூதாதையின் முகவரி ஆகாது. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய சோனோரா, மொஹாவி பாலைவனங்கள் இன்றைய வடிவில் இல்லை. நியூ மெக்சிகோவில் கிடைத்த மயோசீன் காலத்து (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) ஆர்மண்டிசாரஸ் டிப்சோசாரஸின் சொந்தமாகக் கருதப்படுவது. இந்தக் கிளையில் இன்று இல்லாத உறுப்பினர்கள் பலர் இருந்தார்கள் என்பதற்கு அது ஒன்றே போதும். புறப்பட்டது வட அமெரிக்கக் கிளை என்று சொல்லலாம். பாலைவனப் பல்லி என்று சொல்ல முடியாது.

எப்போது

2025 ஆய்வின் கணக்குப்படி இரண்டு கிளைகளும் பிரிந்தது 3.4 கோடியிலிருந்து 3.1 கோடி ஆண்டுகளுக்கு முன். நியூசிலாந்தைத் தாங்கும் நிலத்தட்டு தெற்குக் கண்டங்கள் சேர்ந்திருந்த கோண்ட்வானாவிலிருந்து விலகத் தொடங்கியது ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன். அண்டார்டிகாவில் பெரும் பனிப்படலம் உருவானது ஏறத்தாழ 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆக, இந்த இகுவானா கிளை பிரிந்தபோது தரைவழியின் வாசல் மூடி, வழியும் உறைந்துகொண்டிருந்தது.

இந்தத் தேதியை வாசிப்பதில் இரண்டு கவனங்கள் வேண்டும்.

முதலாவது, டி.என்.ஏ. மாற்றங்களை வைத்துக் காலம் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரத்துக்கு முள் வைப்பது. டி.என்.ஏ. வித்தியாசம் காலத்தைச் சொல்லாது. புதைபடிவங்களைக் கணுக்களில் பொருத்தினால்தான் ஆண்டுக் கணக்கு வரும். ஒரு புதைபடிவம் தரக்கூடியது கீழ் எல்லை மட்டும்: "இந்தக் கிளை குறைந்தது இத்தனை பழையது." தவறான கணுவில் பொருத்தினால் மரம் முழுவதும் நீண்டுவிடும். ஒரு குழுவின் அடித்தண்டை, அதாவது இன்றுள்ள இனங்களின் பொது மூதாதைக்கு முன்பே பிரிந்த கிளையைச் சேர்ந்த எலும்பை, இன்றுள்ள இனங்களின் பொது மூதாதைக் கணுவில் குத்துவது இத்துறையில் மிகவும் அடிக்கடி நடக்கும் பிழை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பிசகும். இன்னொரு கண்ணி இதைவிட நுட்பமானது. தீவின் வயதையே கடிகார முள்ளாக வைத்து, பிறகு "கிளை பிரிந்த காலம் தீவின் வயதோடு ஒத்துப்போகிறது" என்று முடிவு சொல்வது. அது வாலைத் தின்னும் பாம்பு. தீவு வரலாற்றைச் சோதிக்கும் மரத்தில் அந்தத் தீவின் வயது எந்தக் கணுவிலும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, பிரிந்த தேதி வந்துசேர்ந்த தேதி அல்ல. 3.4 கோடி என்பது வருகைக்கு மேல் எல்லை. இரு கிளைகளும் வட அமெரிக்காவிலேயே பிரிந்து, ஒன்று பல லட்சம் ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்துவிட்டுக் கடல் கடந்திருக்கலாம். அங்கே மிஞ்சியவை அழிந்திருந்தால் மரத்தில் எந்தத் தடயமும் இராது. கீழ் எல்லை, பசிபிக் இகுவானாக்கள் தங்களுக்குள் பிரியத் தொடங்கிய காலம். உண்மை வருகை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ. "3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தெப்பம் ஏறின" என்று செய்திகள் எழுதும்போது இந்த இடைவெளி மறைந்துபோகிறது.

கணிப்பு மாதிரி சொல்வதும் சொல்லாததும்

மூதாதை எங்கே வாழ்ந்தது என்று கணிக்கப் பொதுவாகப் பயன்படுவது பயோஜியோபியர்ஸ் என்ற மென்பொருள். மரத்தையும், ஒவ்வோர் இனமும் வாழும் பகுதியையும் கொடுத்தால், பரவல், அழிவு, கிளைபிரிதல் ஆகியவற்றின் நிகழ்தகவை வைத்து ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் இடம் சொல்லும். அதில் 'ஜெ' என்றொரு கூறு உண்டு: கிளை பிரியும் அதே கணத்தில் ஒரு கிளை புதிய பகுதிக்குத் தாவுவது. இதைச் சேர்க்காவிட்டால், பிராக்கிலோஃபஸ், டிப்சோசாரஸ் இரண்டின் மூதாதை கலிபோர்னியாவிலும் பிஜியிலும் ஒரே நேரத்தில் பரவி வாழ்ந்தது என்று மென்பொருள் சொல்லும். நடுவில் கடல் இருப்பது அதற்குத் தெரியாது. சேர்த்தால் கணிப்பு மாதிரி தரவோடு பொருந்தும் அளவு சட்டென்று கூடும். 2018இல் ரீ, சன்மார்ட்டின் இருவரும் எழுப்பிய ஆட்சேபம் இதைப் பற்றியது: 'ஜெ' உள்ள மாதிரியையும் இல்லாததையும் வெறும் பொருத்த மதிப்பெண்ணால் ஒப்பிடுவது செல்லாது, 'ஜெ' எல்லா விளக்கத்தையும் தானே விழுங்கிவிடும் என்றார்கள். மறுப்புகளும் வந்தன. நம் வழக்குக்கு வேண்டியது இவ்வளவுதான்: மதிப்பெண் வித்தியாசம் தெப்பத்துக்குச் சாட்சி ஆகாது. பகுதிகளை எப்படி வகுத்தோம் என்பதே விடையை மாற்றும். அமெரிக்காக்களை ஒரே பகுதியாக வைத்தால் வடக்கா தெற்கா என்ற கேள்வியே எழாது. புதைபடிவங்களின் இடத்தைச் சேர்க்காமல் விட்டால், இன்று உயிருள்ளவை வாழும் இடமே மூதாதையின் இடம் என்று வரும்.

8,000 கிலோமீட்டர் உடலுக்கு என்ன செய்யும்

கணக்கை எளிதாகவே போடலாம். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் மேற்கே ஓடும் நிலநடுக்கோட்டு நீரோட்டம் ஒரு நாளைக்கு 43 கிலோமீட்டர் கொண்டுபோகும். 8,000 கிலோமீட்டருக்கு 185 நாட்கள். காற்றும் சேர்ந்து 0.7 மீட்டர் என்றால் 132 நாட்கள். நான்கிலிருந்து ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அக்காலத்தில் பனாமா நிலப்பாலம் இல்லை. அட்லாண்டிக் நீர் பசிபிக்குக்குள் வர வழி இருந்தது. இன்றைய நீரோட்ட வேகத்தை அப்படியே பழங்காலத்துக்கு ஏற்ற முடியாது என்பதை நினைவில் வைத்தே இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

நேரில் கண்ட சான்று ஒன்று இருக்கிறது. 1995 செப்டம்பரில் லூயிஸ், மேரிலின் என்ற இரு சூறாவளிகள் கரீபியனைக் கடந்தன. அக்டோபர் 4 அன்று அங்குயில்லா தீவின் கிழக்குக் கரையில் வேரோடு பெயர்ந்த மரங்கள் பின்னிய ஒரு மிதவை ஒதுங்கியது. அதில் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள். அதுவரை அத்தீவில் அந்த இனம் இல்லை. எலன் சென்ஸ்கி குழு 1998இல் இதைப் பதிவுசெய்தது. குவாடலூப்பிலிருந்து வந்திருக்கலாம் என்றது. அந்தத் தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பிஜிப் பயணம் இதைப்போல் முப்பது மடங்கு. ஆகவே அங்குயில்லா நிரூபிப்பது மிதவை ஏறி இறங்கி உயிர்பிழைக்க முடியும் என்பதை மட்டுமே. மீதி 29 மடங்குக்கு உடலியல்தான் பதில் சொல்ல வேண்டும்.

இகுவானாவின் தோல் கெரட்டின் செதிள்களால் மூடியது, நீர் எளிதில் வெளியேறாது. மிகுதியான உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாகத் தும்மித் தள்ளும். இலையும் பூவும் உணவு. மிதவையில் முதலில் இருப்பதும் அவைதான். ஒத்த எடையுள்ள பாலூட்டியின் உணவுத் தேவையில் சுமார் பத்தில் ஒரு பங்கு போதும். பாலை இகுவானா குளிர்காலத்தில் பல மாதம் வளைக்குள் தின்னாமலே கிடக்கிறது. முட்டை இன்னொரு சாத்தியம்: பிஜிக் கொண்டை இகுவானாவின் முட்டை பொரிய 8 முதல் 9 மாதம் ஆகிறது. வேர்களோடு பெயர்ந்த மண்கட்டிக்குள் புதைந்த முட்டை மொத்தப் பயணத்தையும் பொரியாமலே கடக்கப் போதுமான காலம் அது. ஆனால் இது இன்றைய தீவு இனத்தின் பழக்கம். மூதாதைக்கும் அப்படி இருந்ததா என்பது தனிக் கேள்வி. உப்புநீரில் நெடுநேரம் ஊறிய முட்டை பிழைப்பது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பலவீனமான இடம் விலங்கு அல்ல, மிதவை. மரக்கட்டை நீர் ஊறி அமிழும். அலை பின்னலைப் பிரிக்கும். 1892இல் வட அட்லாண்டிக்கில் 30 அடி மரங்கள் நின்றபடியே ஒரு மிதவைத் தீவு 1,000 கடல் மைலுக்கு மேல் நகர்ந்தது கப்பல்களால் குறிக்கப்பட்டது. ஆறு மாதம் தாங்கிய மிதவையை எவரும் பின்தொடர்ந்து பார்த்ததில்லை. மூன்று கோடி ஆண்டுகளில் ஒருமுறை நடந்தால் போதும் என்பதே இந்த இடத்தில் வாதத்தின் ஒரே ஆதாரம்; அது வலுவும் கூட, நழுவலும் கூட.

வழியில் இருக்கும் மார்கெசாஸ், தாகித்தி, ஹவாயில் ஏன் இகுவானா இல்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. தாகித்தி பிறந்தே 20 லட்சம் ஆண்டுகள் ஆகவில்லை. மார்கெசாஸ், ஹவாயின் இன்றைய பெருந்தீவுகள் 60 லட்சத்துக்குள். தெப்பம் கடந்தபோது அவை கடலடியில்கூட இல்லை. விட்டி லெவு மட்டும் இன்றும் 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதன் மிகப் பழைய எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ இகுவானா கிளை பிரிந்த காலத்தவை. ஆனால் பழைய பாறை இருப்பதும் அன்றிலிருந்து இன்றுவரை இடைவிடாமல் நிலம் நீருக்கு மேல் இருந்ததும் வேறு வேறு. அருகருகே தோன்றி மூழ்கிய எரிமலைத் தீவுகளில் கால் மாற்றிக் கால் மாற்றிக் கிளை பிழைத்திருக்கலாம். இந்த வழக்கின் மிகத் தளர்ந்த மூட்டு இதுதான்.

தவளைகள் ஏன் கிழக்கிலிருந்து வரவில்லை

அதே கடலை ஒரு தவளை எப்படிப் பார்க்கும் என்பதையும் வைத்துப் பார்த்தால் வழக்கு தெளிவாகும். தவளையின் தோல் நீரை விடும், உப்பை ஏற்கும். கடல்நீரின் உப்புச் செறிவு அதன் உடல்நீரைப்போல் நான்கு மடங்கு. நண்டுண்ணித் தவளை இரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துக்கொண்டு உவர்நீரில் வாழ்கிறது. அது அரிய விதிவிலக்கு. பெருங்கடல் தீவுகளில் தவளை இல்லை என்று டார்வின் எழுதியது பொதுவாகச் சரி, முழுவதும் சரியல்ல. மடகாஸ்கரிலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில் உள்ள எரிமலைத் தீவு மயோட்டில் இரண்டு தனித் தவளை இனங்கள் உண்டு. 2019இல் ஒன்றுக்கு மாலுமி என்று பொருள்படவும் மற்றதற்குக் கடல்கடந்தது என்று பொருள்படவும் பெயரிட்டார்கள். வகைப்பாட்டாளர்களுக்கும் நகைச்சுவை உண்டு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி, கண்டத்தோடு என்றுமே சேராத சாவோ தோமேயில் தவளைகளோடு காலில்லா இருவாழ்வியான ஒரு சிசிலியனும் இருக்கிறது. 2007இல் மீசி குழு தந்த விளக்கம்: காங்கோ போன்ற பேராறுகள் மழைக்காலத்தில் கொட்டும் நன்னீர் கடல்மேல் ஒரு மெல்லிய படலமாகப் பரவும், ஆற்றங்கரையே பெயர்ந்து வரும் மிதவை அந்தப் படலத்தின்மேல் நகரும்.

இரண்டும் 300 கிலோமீட்டருக்குள். பிஜியின் இரு தவளைகளும் கார்னுஃபர் பேரினம், சாலமன் தீவுப் பக்கத்தவை. முட்டைக்குள்ளேயே வளர்ந்து தலைப்பிரட்டை நிலை இல்லாமல் குட்டித் தவளையாகவே வெளிவருபவை. ஈரமான மட்கும் கட்டையின் பொந்தே அவற்றுக்குக் குளம். குட்டை குட்டையான தாவல்களில் வந்தவை அவை. 8,000 கிலோமீட்டரை எந்த இருவாழ்வியும் கடந்ததாகச் சான்று இல்லை. மேற்கிலிருந்து வரும் பாதையில் இலை தின்னும் பெரிய பல்லி எதுவும் பிஜியை எட்டவில்லை. அகாமா என்ற பல்லிக் குடும்பத்தவை சாலமன் தீவுகளோடு நின்றுவிட்டன. கிழக்கிலிருந்து வந்த இகுவானாவுக்குக் காலியான மரங்கள் காத்திருந்தன.

எது கிடைத்தால் இது கவிழும்

பிஜி, தோங்கா குகைகள் தரும் எலும்புகள் மிக அண்மைக் காலத்தவை. கோடி ஆண்டுக் கேள்விக்கு உதவாது. தேட வேண்டியது குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லி, நியூசிலாந்தில் ஒட்டாகோவின் செயின்ட் பேதன்ஸ் போன்ற மயோசீன் படிவுகளில். இதுவரை முதலாவதில் அகாமாக்கள், இரண்டாவதில் அரணைகளும் பல்லிகளும் கிடைத்திருக்கின்றன, இகுவானா இல்லை. இல்லாமை வலுவான சான்று அல்ல என்றாலும், ஆயிரக்கணக்கான சிறு எலும்புகள் சலித்தெடுக்கப்பட்ட இடங்களில் அதற்கு எடை உண்டு. தேடுபவருக்கு அடையாளம் தாடையில் இருக்கிறது. அகாமாவின் பற்கள், முன்பற்கள் சில தவிர, தாடை விளிம்பின் உச்சியிலேயே ஒட்டி உருகியிருக்கும், உதிர்ந்து முளைக்காது. இகுவானாவின் பற்கள் தாடையின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியவை. முனை விரிந்து பல சிறு கூர்களாகப் பிளந்திருக்கும். அடியில் அடுத்த பல் முளைக்கும் குழி தெரியும். ஒரு சென்டிமீட்டர் தாடைத்துண்டு, மூன்று நான்கு பற்களோடு, அந்தப் படிவுகளில் ஒன்றிலிருந்து வந்தால் தரைவழி வாதம் மறுபடி மேசைக்கு வரும்.